கையெழுத்துப் போட்டுவிட்டால் அவ்வளவுதானா? வக்கீல் இல்லாமல் காயத்துக்கு இழப்பீடு கேட்பது பற்றி

வாசகர் கேள்வி (2 பிப்ரவரி 2025)

போன வாரம் கோ-கார்ட்டிங் போன இடத்தில் என் மனைவிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை, தடுப்பில் போய் மோதினாள். உள்ளே போகும்போதே "எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல, என் சொந்த ரிஸ்க்கில் கலந்துகொள்கிறேன்" என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று என் மச்சான் அடித்துச் சொல்கிறார். வக்கீல் வைக்க வசதியில்லை. அவர் சொல்வது உண்மையா?

2 பிப்ரவரி, இரவு

உண்மையில்லை. உங்கள் மச்சானைப் போலவே முக்கால்வாசிப் பேர் நினைப்பதால்தான் அந்தப் படிவம் வேலை செய்கிறது. நீதிமன்றத்தில் அதற்கு இருக்கும் பலத்தைவிட, அடிபட்டவர் வீட்டுக் கூடத்தில் அதற்குப் பலம் அதிகம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 23: பொதுநலக் கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது. "நான் கவனக்குறைவாக இருந்து உனக்கு அடிபட்டாலும் கேட்கக் கூடாது" என்று ஒருதரப்பாக எழுதி வாங்குவதை இந்தப் பிரிவை வைத்துத்தான் எதிர்க்கிறோம். பிரிட்டனில் 1977-லேயே நேரடியாகச் சட்டம் வந்துவிட்டது: கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் காயத்துக்கும் உள்ள பொறுப்பை எந்த நிபந்தனையாலும் கழற்றிவிட முடியாது. நம்மிடம் அப்படிப் பளிச்சென்று ஒரு பிரிவு இல்லை. பிரிவு 23, தீர்ப்புகள், நுகர்வோர் சட்டம் மூன்றையும் சேர்த்துக் கட்டித்தான் வாதாட வேண்டும்.

தீர்ப்பு என்றால் உடனே நினைவுக்கு வருவது 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் சொன்னது. 1998-ல் டெல்லியில் ஓட்டல் ஆளிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் காணாமல் போயிற்று. டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருந்தது. தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு அந்த வரி கேடயமாகாது என்றார்கள். காருக்கே அப்படி என்றால் தோள்பட்டைக்கு என்ன வாதம் வைப்பது என்று உங்களுக்கே தெரியும்.

3 பிப்ரவரி

சட்டம் இருக்கட்டும், முதலில் காகிதம். என் தம்பிக்கு ஒரு டிராம்போலின் கூடத்தில் கணுக்கால் முறிந்து, அந்தப் புகாரை வக்கீல் இல்லாமல் நானே நடத்தினேன். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

அங்கே ஸ்பிரிங்குகளை மூட ஒரு ஃபோம் மெத்தை உண்டு. வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். ஒரு மூலையில் அந்த வெல்க்ரோ தேய்ந்து பஞ்சு மாதிரி ஆகியிருந்தது, மெத்தை ஒரு சாண் நகர்ந்து கிடந்தது. தம்பி குதித்து இறங்கிய கால் நேராக இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே போயிற்று. அக்கா மகள் அழுதுகொண்டே அந்த இடத்தைப் போனில் எடுத்த படம்தான் கடைசிவரை எங்களைக் காப்பாற்றியது. மறுநாள் போய்ப் பார்த்தால் புது மெத்தை.

நீங்கள் செய்ய வேண்டியவை. ஆஸ்பத்திரியில் ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) கேளுங்கள். அதில் "எப்படி நடந்தது" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பதற்றத்தில் எங்கள் மாமா டியூட்டி டாக்டரிடம் "விளையாடும்போது விழுந்துட்டான்" என்றார். அவரும் அப்படியே எழுதிவிட்டார். எதிர்தரப்பு அந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உங்களுடையதில் பிரேக் விஷயம் இல்லையென்றால், டிஸ்சார்ஜ் சம்மரியிலாவது நடந்தது நடந்தபடி வரச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். அடுத்தவர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் செயல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 125-ல் வருகிறது. அவர்கள் எஃப்ஐஆர் போட்டாலும் போடாவிட்டாலும், தேதி போட்ட ரசீது உங்கள் கையில் இருக்கும்.

சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிக்கொண்டிருக்கும். "அழிந்துவிட்டது" என்ற பதில் வந்தால் அதுவும் நமக்கு ஆதாரம்தான், கேட்ட தேதி கையில் இருந்தால்.

போனில் எடுத்த படங்களை மூலக்கோப்பாகவே வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படத்தில் எடுத்த நேரம், இடம் எல்லாம் போய்விடும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் கீழ். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி மாதிரிப் படிவத்தை எங்கிருந்தாவது எடுத்து ஒட்ட வேண்டாம்.

5 பிப்ரவரி

அவர்கள் பேச வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விவரம் பிறகு எழுதுகிறேன்.

9 பிப்ரவரி

"கோ-கார்ட்டும் வண்டிதானே, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28)-ல் உள்ள வரையறை, தொழிற்சாலைக்குள்ளோ மற்ற அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடும்படி அமைத்த வண்டிகளை விலக்குகிறது. கார்ட்டுக்கு நம்பர் பிளேட் இல்லை, மூன்றாம் நபர் காப்பீடு இல்லை. உங்களுக்கு வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டிக்கெட் வாங்கினீர்கள், சேவை வாங்கினீர்கள், அதில் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "சேவைக் குறைபாடு" என்பதற்குள்ளேயே நுகர்வோருக்கு இழப்போ காயமோ வரவைக்கும் கவனக்குறைவையும் சேர்த்துவிட்டார்கள்.

16 பிப்ரவரி

5-ஆம் தேதி பாதியில் விட்டது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூடத்தின் மேனேஜர் பழக்கூடையோடு வந்தார். நல்ல மனிதர்தான், உண்மையிலேயே வருத்தப்பட்டார். கூடவே ஒரு கவர், ஒரு தாள். "மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகையை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இது தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." தம்பி பேனாவைக்கூட எடுத்துவிட்டான். அக்காதான் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே போகும்போது போடும் கையெழுத்து, என்ன நடக்கும் என்றே தெரியாமல் போட்டது. அதை உடைக்கலாம். அடிபட்ட பிறகு, தொகை இவ்வளவு என்று தெரிந்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு போடும் கையெழுத்து வேறு ரகம். அதற்குமேல் கேட்கவே முடியாது என்றில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் ரசீது, மோசடியாலோ தவறான தகவலாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டது என்று நிரூபித்தால் நுகர்வோர் மேற்கொண்டு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் அஜ்மீர் சிங் பஞ்சாலை வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் நிரூபிக்கும் சுமை நம் தலையில். பழக்கூடையோடு வந்து வற்புறுத்தினார் என்று எப்படி நிரூபிப்பது?

பணம் அவசரமாகத் தேவை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், "சிகிச்சைச் செலவில் ஒரு பகுதிக்காக மட்டும், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தாளில் இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள்.

18 பிப்ரவரி

எதிர்தரப்புக்கு அனுப்பும் நோட்டீசுக்கு மாதிரி கேட்டிருந்தீர்கள். மாதிரி தரமாட்டேன், உங்கள் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும். நுகர்வோர் புகாருக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை, ஆனாலும் அனுப்புங்கள். என்ன நடந்தது, எந்த வண்டி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள், இதுவரை என்ன செலவு, எவ்வளவு கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள். அதோடு கேள்வியாக மூன்றைச் சேருங்கள். அந்த வண்டியின் பராமரிப்புப் பதிவேடு எங்கே? என் மனைவி கையெழுத்திட்ட படிவத்தின் நகல் எங்கே? உங்களுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு (வருபவர்களுக்கு அடிபட்டால் இழப்பீடு தரும் காப்பீடு) உண்டா, எந்த நிறுவனத்தில்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தால் பேச்சின் தொனியே மாறும்.

எங்கள் கதையில் படிவம் டேப்லெட்டில் இருந்தது. விரலால் கிறுக்கச் சொன்னார்கள், பின்னால் வரிசை நின்றது, நகல் கிடையாது. நோட்டீசுக்குப் பதிலாக வந்த அச்சுப்பிரதியில் தம்பியின் கையெழுத்து மண்புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. நான்கு பக்க நிபந்தனையில் அவன் திரையில் பார்த்தது கடைசிப் பக்கத்தின் கடைசிப் பெட்டியை மட்டும்தான்.

2 மார்ச்

ஒரு வாரமாக யோசித்ததில், முதல் நாள் எழுதியது படிவத்துக்கு மதிப்பே இல்லை என்பதுபோல் தொனிக்கிறது. மதிப்பு உண்டு, ஓர் எல்லைக்குள். குதித்தால் கால் பிசகலாம், கார்ட்டில் திரும்பும்போது விலாவில் இடிக்கலாம். அந்த விளையாட்டோடு ஒட்டிப்பிறந்த ஆபத்து அது. தெரிந்துதான் போகிறோம். அதற்கு இழப்பீடு கேட்டால் படிவமே இல்லாவிட்டாலும் தோற்போம். பிரேக் பிடிக்காதது அந்த ஆபத்தில் சேராது. தேய்ந்த வெல்க்ரோவும் சேராது. எதிர்தரப்பு வக்கீல் எல்லாவற்றையும் முதல் வகைக்குள் தள்ளப் பார்ப்பார். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இரண்டாவது வகைக்குள் நிற்க வேண்டும். "என் மனைவிக்கு அடிபட்டது" என்று தொடங்காதீர்கள். "எதிர்தரப்பு கொடுத்த வண்டியில் பிரேக் வேலை செய்யவில்லை" என்று தொடங்குங்கள்.

நம் தரப்பில் தவறு இருந்தால் மறைக்கவும் வேண்டாம். தம்பி கூடம் சொன்ன கிரிப் சாக்ஸைப் போடாமல் இருந்திருந்தால் தொகையில் ஒரு பங்கைக் கழித்திருப்பார்கள். நல்லவேளை, கவுன்டரில் கட்டாயமாக விற்ற சாக்ஸ் பில் இருந்தது.

23 மார்ச்

தாக்கல். நுகர்வோர் புகாரை இணையத்தில் பதியும் இ-ஜாக்ரிதி தளம் 2025 ஜனவரி 1 முதல் ஓடுகிறது, பழைய இ-தாக்கில் தளம் அதற்குள் போய்விட்டது. வீட்டிலிருந்தே பதியலாம். நேரில் போனாலும் தடுக்க மாட்டார்கள்.

எங்கே என்றால், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே. 2019 சட்டத்தின் பெரிய வரம் இது. கூடம் பெங்களூரில் இருந்தாலும் திருப்பூரில் போடலாம். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கட்டணத்தில் பலர் பயந்து நிற்கிறார்கள். கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கட்டணம் இல்லை. நீங்கள் சேவைக்குக் கொடுத்த விலையை வைத்து. விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. எண்ணூறு ரூபாய் டிக்கெட்டுக்கு எட்டு லட்சம் கேட்டாலும் கட்டணம் சுழியம்தான். மாவட்ட ஆணையத்தின் வரம்பும் கொடுத்த விலையை வைத்தே, 50 லட்சம் வரை.

"அந்த ஒப்பந்தமே நியாயமற்றது, ரத்து செய்யுங்கள் என்று மாவட்ட ஆணையத்தில் கேளுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்காதீர்கள். நியாயமற்ற ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் வெளிப்படையாகத் தந்திருக்கிறது. மாவட்டத்தில் சேவைக் குறைபாடு என்று மட்டும் புகார் செய்யுங்கள். படிவத்தை அவர்கள் தூக்கிக் காட்டும்போது, கவனக்குறைவுக்கு அது பதிலாகாது என்று சொல்லுங்கள். அவர்கள் கேடயத்தை நாமே எடுத்து முன்னால் வைப்பானேன்.

தொகையைப் பிரித்து எழுதுங்கள்: மருத்துவச் செலவு, ஆட்டோ, உடனிருந்தவர் இழந்த கூலி, சம்பள இழப்பு, இனி வரப்போகும் சிகிச்சை, வலியும் அவஸ்தையும். இனி வரும் சிகிச்சையை மறந்துவிடுவார்கள். தம்பி காலில் பிளேட் வைத்திருந்தது, அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட் வாங்கி இணைத்தோம். மெடிக்ளெய்முக்கு ஒரிஜினல் பில்களைக் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து ஆஸ்பத்திரி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சட்டத்தில் 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே எழுதியிருக்கிறது.

20 ஏப்ரல்

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த "பொறுப்பல்ல" வியாதி புதிதில்லை. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் 1960-களிலேயே ஒரு லாண்டரி வழக்கு வந்தது. வாடிக்கையாளரின் புதுச் சேலை தொலைந்துபோயிற்று. பில்லில் அச்சடித்த நிபந்தனைப்படி சேலை விலையில் ஒரு பகுதிதான் தருவோம் என்றது லாண்டரி. அப்படி விட்டால் கடைக்காரர் சேலையைத் தொலைத்தே லாபம் பார்க்கலாம், பொதுநலனுக்கு விரோதம் என்று நிபந்தனையை ஒதுக்கினார்கள். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் லில்லி ஒயிட் வழக்கு என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். அக்காவிடம் சொன்னபோது அவளுடைய ஒரே கேள்வி, என்ன சேலை என்பது.

11 மே

"டிக்கெட் விலையை வைத்து வரம்பு வைப்பது செல்லாது என்று யாராவது வழக்குப் போட்டால்?" போட்டார்கள். ஏப்ரல் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த முறை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக மார்ச் 23-ல் எழுதியது நிற்கிறது.

15 ஜூன்

பள்ளி திறந்ததும் இந்தக் கேள்விதான் வரும் என்று நினைத்தேன். "சுற்றுலாவுக்கு அனுப்ப, எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். போடலாமா?"

போடாவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள், போடுங்கள். மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் மோகரி பீபி வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் இப்படி முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1995-ல் பியாஸ் ஆற்றுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்ற டல்ஹவுசி பள்ளிப் பிள்ளைகள் 14 பேர் மூழ்கி இறந்த வழக்கில், ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியே பொறுப்பு என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் தலைக்கு 5 லட்சத்தை உறுதிசெய்தது.

ஆனால் இங்கே நுகர்வோர் ஆணையம் நம்பகமான வழியில்லை. பள்ளி, கல்லூரிகள் இந்தச் சட்டத்துக்குள் வராது, சுற்றுலா, நீச்சல் போன்றவையும் அப்படியே என்று தேசிய ஆணையம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அது உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. இதற்கு வக்கீல் வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. முதல் கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் மனைவிக்கும் அந்த உரிமை உண்டு. பிப்ரவரியிலேயே இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

10 ஆகஸ்ட்

சாலை விபத்துக்கும் வக்கீல் வேண்டாமா என்று கேட்பவருக்கு. சின்ன காயம், பில் மட்டும்தான் என்றால் நீங்களே போகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு போலீஸ் விபத்து அறிக்கையைத் தயாரித்து தீர்ப்பாயத்துக்கு 3 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், அதையே மனுவாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

நிரந்தர ஊனம் என்றால் தனியாகப் போகாதீர்கள். அங்கே கணக்கே வேறு. மெடிக்கல் போர்டு தரும் சதவீதம் உடம்புக்கு. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது தொழிலுக்கு. 2010 ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய உதாரணத்தைப் படித்தால் புரியும்: இடது கை போனால் ஊனம் 60 சதவீதம் எனலாம். அவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு. அதே கை போன அரசு குமாஸ்தா வேலையில் தொடரலாம். இதைச் சாட்சி வைத்து, டாக்டரைக் குறுக்கு விசாரணைக்கு நிறுத்தி நிறுவ வேண்டும். அதற்குமேல் வயதுக்கேற்ற பெருக்கி (ஆண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண்): 26 முதல் 30 வயதுக்கு 17, 36 முதல் 40-க்கு 15. சதவீதத்தில் சறுக்கினால் அந்தச் சறுக்கலும் பதினைந்தால் பெருகும்.

வக்கீல் "வருவதில் இவ்வளவு சதவீதம்" என்றால்? முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கட்டணத்தை முதலிலேயே தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். எழுதாத வெற்று வக்காலத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், இதுவும் கையெழுத்துதான்.

12 அக்டோபர்

கேள்வி கேட்ட நண்பர் தாக்கல் செய்துவிட்டாராம், மகிழ்ச்சி. எதிர்தரப்பு மூன்றாவது வாய்தா வாங்கியும் எதிருரை (புகாருக்கான எழுத்துப் பதில்) போடவில்லை என்கிறார். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15. அதோடு சரி. 46-ஆம் நாள் கொண்டுவந்தால் வாங்க அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடித்துவிட்டது. அவர்களுக்கு நோட்டீஸ் எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதற்கான தபால் சான்றை எடுத்து ஒரு மெமோ போடுங்கள். பதிவுத் தபால் இந்த மாதத்திலிருந்து ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, டிராக்கிங் பக்கத்தை உடனே அச்செடுங்கள்.

எதிருரை இல்லாவிட்டாலும் உங்கள் பிரமாண வாக்குமூலத்தை ஒழுங்காகப் போட்டாக வேண்டும். ஆள் வராததால் நாம் தானாக ஜெயித்துவிடுவதில்லை.

23 நவம்பர்

எங்களுக்கு என்ன கிடைத்தது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கே கூடத்தின் காப்பீட்டு ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எண் பேசினார்கள். கேட்டதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். பிளேட் எடுக்கும் செலவு முழுசாக வந்தது, வலிக்கும் அவஸ்தைக்கும் கேட்டதில்தான் வெட்டினார்கள். சண்டை போட்டிருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம் என்று தம்பி இன்றும் சொல்கிறான். எனக்கு லீவு மிச்சமில்லை.

சமரசம் இல்லாமல் உத்தரவாக வருபவர்களுக்கு: எதிர்தரப்பு மேல்முறையீடு போக 45 நாள், போனால் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். போகவும் இல்லை, பணமும் தரவில்லை என்றால் நுகர்வோர் சட்டப் பிரிவு 71-ல் நிறைவேற்று மனு, 72-ல் தண்டனை மனு. 72-ல் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 71 சொத்தைத் தேடிப் போகும், 72 ஆளைத் தேடிப் போகும். லிமிடெட் கம்பெனி என்றால் இயக்குநர்களின் பெயர், முகவரியை கம்பெனிப் பதிவாளர் தளத்திலிருந்து இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உத்தரவு வந்த பிறகு போர்டை மாற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.